வன்னியில இருந்து ஜேர்மனியில ஒரு சின்ன ரவுணுக்கு மாஸ்ரர்ஸ் படிக்கப் போறது எப்பிடி: முழுமையான வழிகாட்டி

ஊருக்கு வரேக்க எல்லாம் கரடிப்போக்குச் சந்தியில இருந்து வீடு போய்ச் சேர முதல் ரெண்டு பேராவது நிப்பாட்டிக் கேக்கினம், "அக்கா, வெளிநாடு போய்ப் படிக்க எவ்வளவு காசு வேணும்" எண்டு. காசு வேணும் தான், அதுக்கு கீழ வாறன். ஆனா எங்கட வன்னிப் பிள்ளையளுக்கு முதல் இடிக்கிறது காசு இல்ல, பேப்பர். ஒரு பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில பேர் ஒரு எழுத்து மாறினதால ஒரு வருசத்தை விட்ட பெட்டையை எனக்குத் தெரியும், அதனால தான் இதை எழுதுறன், அதுவும் பேப்பரில இருந்து தொடங்கி.

நான் கிளிநொச்சி அறிவியல் நகர் விவசாய பீடத்தில படிச்சு முடிச்சு, ரெண்டு வருசத்துக்கு மேல வேலை செய்திட்டு, ஜேர்மனியில விற்சன்ஹவுசன் எண்ட ரவுணுக்குப் போனன். சனம் மொத்தம் 15,000 பக்கம் தான். காசல் பல்கலைக்கழகத்தின்ர சேதன விவசாயப் பிரிவு அங்க இருக்கு. கீழ இருக்கிறது விவசாயம் படிச்ச ஆக்களுக்கு மட்டும் இல்ல, ஜேர்மனியில எந்தச் சின்ன ரவுணுக்குப் போறதெண்டாலும் வழி கிட்டத்தட்ட இதே தான்.

ஏன் சின்ன ரவுண்

எங்கட ஆக்கள் ஜேர்மனி எண்டா பெர்லின், பிராங்பேட், மியூனிக் எண்டு தான் கேப்பினம். அங்க அறை எடுக்கிறது எவ்வளவு கஷ்டம் எண்டு போன பிறகு தான் தெரியும். சின்ன ரவுணில மாணவர் விடுதி கெதியாக் கிடைக்கும், வாடகை குறைவு, நான் இருந்த அறை தண்ணி கரண்ட் இன்டர்நெட் எல்லாம் சேர்த்து மாதம் 270 யூரோ. வகுப்பில இருபது முப்பது பேர், பேராசிரியர் பேர் சொல்லிக் கூப்பிடுவார், ரெண்டு கிழமையா நீங்கள் வரேல்ல எண்டா ஆராவது மெயில் போட்டுக் கேப்பினம்.

அதே நேரம் கூடாத பக்கமும் இருக்கு, அதை மறைக்க மாட்டன். பகுதி நேர வேலை குறைவு, பின்னேரத்துக்குப் பிறகு பஸ் குறைவு, ஒபிஸில இங்கிலிஷ் கதைக்கிற ஆள் அண்டைக்கு லீவெண்டா அவ்வளவு தான். தமிழ்க்கடை இருக்காது. வேலை செய்து வீட்டுக்குக் காசு அனுப்புறது தான் முதல் நோக்கம் எண்டா சின்ன ரவுண் உங்களுக்குச் சரிவராது, படிப்புத் தான் நோக்கம் எண்டா இதை விட நல்ல இடம் இல்ல.

முதலாவது படி: பேப்பர் எல்லாத்தையும் ஒரு பேருக்குக் கொண்டு வாங்கோ

போறதுக்கு ஒன்றரை வருசம் முதலே இதைத் தொடங்குங்கோ, ஜேர்மனியில பெரிய செமஸ்டர் ஒக்ரோபரில தொடங்கும், அதில இருந்து பின்னுக்கு எண்ணுங்கோ.

எங்கட வீட்டில 2009 இல அம்மா எல்லாப் பத்திரத்தையும் ஒரு சொப்பிங் பையில சுத்தி வயித்தோட கட்டிக்கொண்டு தான் வந்தவ. செட்டிகுளம் முகாமில பிரிச்சுப் பாத்தா என்ர பிறப்புப் பத்திரத்தின்ர கீழ் மூலை தண்ணி ஊறி மை பரவி அப்பான்ர பேரில கடைசி ரெண்டு எழுத்து இல்ல. அந்தப் பேப்பர் இப்பவும் இருக்கு. ஆனா பாவிக்க ஏலாது. பிறகு பிரதேச செயலகத்தில புதுப் பிரதி எடுத்தனாங்கள். உங்களுக்கும் பதிவு எந்தப் பிரதேச செயலகத்தில இருக்கோ அங்க விண்ணப்பிச்சு புதுப் பிரதி எடுக்கலாம், பழைய பதிவு இலக்கம் தெரிஞ்சா கெதியாக் கிடைக்கும், தெரியாட்டி தேடி எடுப்பினம், நாள் எடுக்கும். பதிவே செய்யேல்ல எண்டா காலங்கடந்த பிறப்புப் பதிவு எண்டு ஒண்டு இருக்கு, அதுக்கு கிராம சேவகரிட்ட இருந்து தொடங்கவேணும்.

இப்ப முக்கியமான விசயம். தமிழில "தர்சினி" எண்டு ஒரு பேர் தான், ஆனா இங்கிலிஷில எழுதேக்க அடையாள அட்டையில ஒரு மாதிரி, ஏஎல் ரிசல்ற்றில இன்னொரு மாதிரி, கம்பஸ் டிகிரியில மூண்டாவது மாதிரி இருக்கும், ஒண்டில "எச்" இருக்கும் மற்றதில இருக்காது. இங்க ஒருத்தரும் அதைப் பெரிசா எடுக்கிறேல்ல. அங்க அது ரெண்டு வேற ஆள். எல்லாத்தையும் மேசையில பரப்பி வைச்சு ஒவ்வொரு எழுத்தா ஒப்பிட்டுப் பாருங்கோ, கூட இடத்தில எப்பிடி இருக்கோ அதையே பாஸ்போட்டில போடுங்கோ, மாறி இருக்கிறதைத் திருத்துங்கோ, திருத்த ஏலாதெண்டா ரெண்டும் ஒரே ஆள் தான் எண்டு சத்தியக் கடதாசி முடியுங்கோ.

பாஸ்போட் எடுக்கேக்க குடும்பப் பேர் எண்ட இடத்தில அப்பான்ர பேர், மற்றப் பேர் எண்ட இடத்தில உங்கட பேர் சரியா வருதோ எண்டு கவுண்டரில நிண்டே பாருங்கோ. ஜேர்மனியில உங்களை அப்பான்ர பேரில தான் கூப்பிடுவினம், வங்கி, விடுதி, டொக்டர் எல்லா இடமும். நான் முதல் நாள் என்னைக் கூப்பிடினம் எண்டே தெரியாமல் இருந்தன். பாஸ்போட்டுக்கு பத்தரமுல்லை வரைக்கும் போகத் தேவையில்ல, வவுனியாவிலயே பிராந்திய அலுவலகம் இருக்கு.

பிறகு ஏஎல் பெறுபேறு பரீட்சைத் திணைக்களத்தில இருந்து, டிகிரியும் பாடவாரியான மாக்ஸ் சீற்றும் கம்பஸ் பதிவாளர் ஒபிஸில இருந்து, எல்லாம் மூண்டு மூண்டு பிரதி. தமிழில இருக்கிறதை சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்டக் குடுத்து இங்கிலிஷுக்கு மாத்துங்கோ, வெளிநாட்டு அமைச்சின்ர உறுதிப்படுத்தல் சீல் கேட்டா யாழ்ப்பாணக் கச்சேரியில இருக்கிற கொன்சியூலர் அலுவலகத்தில அலுவல் பாக்கலாம். ஒரு விசயம், ஒறிஜினலை லமினேட் பண்ணிப் போடாதேங்கோ. எங்கட அம்மாமார் பத்திரம் பழுதாப் போகக்கூடாதெண்டு ஓடிப்போய் லமினேட் பண்ணுவினம், பிறகு அதில சீல் குத்த ஏலாது.

ரெண்டாவது படி: கோர்ஸைத் தேடுறது, ஏஜென்சியைத் தேடாதேங்கோ

2021 இல நான் ஒரு ஏஜென்சிக்கு மூண்டரை லட்சம் ரூபாய் குடுத்தனான். பேர் சொல்லேல்ல. அவை எனக்கு போட்டது வருசத்துக்கு பத்தாயிரம் யூரோவுக்கு மேல கட்டணம் எடுக்கிற ஒரு தனியார் கொலிஜுக்கு, அரசாங்கப் பல்கலைக்கழகத்தில கட்டணம் இல்ல எண்டதை ஒருத்தரும் சொல்லேல்ல. காசு திரும்பி வரேல்ல. அப்பா உழவு மெசினுக்கு எண்டு சேர்த்து வைச்ச காசு அது, இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது. தயவுசெய்து அந்தப் பிழையை நீங்கள் விடாதேங்கோ, எல்லாத்தையும் போனிலயே செய்யலாம்.

ஜேர்மனியில அரசாங்கப் பல்கலைக்கழகங்களில பெரும்பாலான மாஸ்ரர்ஸுக்குப் படிப்புக் கட்டணம் இல்ல, செமஸ்டருக்கு முன்னூறு யூரோ பக்கம் ஒரு தொகை கட்டவேணும், கூடுதலான இடங்களில பஸ் ரெயின் ரிக்கெட்டும் அதுக்குள்ள வரும். பாடன் வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில ஐரோப்பாவுக்கு வெளிய இருந்து வாற ஆக்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டவேணும், 2017 இல இருந்து அப்பிடி. சில கோர்ஸுகளுக்கும் தனிக் கட்டணம் இருக்கு, அதனால கோர்ஸ் பக்கத்தை வடிவா வாசியுங்கோ.

தேடுறதுக்கு டாட் எண்ட ஜேர்மன் கல்விப் பரிமாற்று நிறுவனத்தின்ர இணையப்பக்கம் போதும். அதில இங்கிலிஷ், மாஸ்ரர்ஸ், கட்டணம் இல்ல எண்டு தெரிவு செய்து உங்கட பாடத்தைப் போடுங்கோ. பிறகு வாற லிஸ்ற்றில ரவுண் பேரை ஒவ்வொண்டா மப்பில பாருங்கோ. எனக்கு அப்பிடித் தான் சர்வதேச நிலைபேறான விவசாயம் எண்ட கோர்ஸ் அம்பிட்டது, கோட்டிங்கன் பல்கலைக்கழகமும் காசல் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தினம்.

சில பல்கலைக்கழகம் நேரடியா விண்ணப்பம் எடுக்கும், சிலது யூனி அசிஸ்ற் எண்ட பொது நிறுவனத்தால எடுக்கும், அதுக்கு முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில பிறகு போடுற ஒவ்வொண்டுக்கும் 30 யூரோ. கன இடங்களில கடைசித் திகதி ஜூலை 15 எண்டு சொல்லுவினம், ஆனா எங்களைப் போல விசா எடுக்கவேண்டிய ஆக்களுக்கு மார்ச் ஏப்ரலிலயே முடியிற கோர்ஸும் இருக்கு.

இங்கிலிஷுக்கு ஐயெல்ற்ஸ் சோதினை, பெறுபேறு ரெண்டு வருசம் தான் செல்லும், அதனால ஏஎல் முடிச்ச கையோட எழுதி வைக்காதேங்கோ. அதோட ஜேர்மன் பாசை. இங்கிலிஷ் கோர்ஸுக்கு ஜேர்மன் தேவையில்ல எண்டு சொல்லுவினம், உண்மை தான், ஆனா சின்ன ரவுணில பேக்கரிக்காரம்மாவுக்கும் பஸ் றைவருக்கும் அது தெரியாது. ஏவண் எண்ட ஆரம்ப மட்டம் அளவாவது படிச்சிட்டுப் போங்கோ. கொழும்பு கோதே இன்ஸ்ரிரியூட் இருக்கு, தூரம் எண்டா ஒன்லைனில படியுங்கோ.

நோக்கக் கடிதம்

இதை ஆரிட்டையும் எழுதக் குடுக்காதேங்கோ. ஏஜென்சி எனக்கு எழுதித் தந்ததில முதல் வரி "சின்ன வயசில இருந்து எனக்கு விவசாயத்தில ஆர்வம்" எண்டு இருந்தது. அந்த வரி ஆரின்ர கடிதத்திலயும் இருக்கும். பிறகு நானே இருந்து எழுதினன். இரணைமடுத் தண்ணி பாயிற எங்கட ரெண்டு ஏக்கர் வயலைப் பற்றி எழுதினன், 2021 இல இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்த அந்தக் காலபோகத்தில நெல்லு மஞ்சளாப் போய் நிண்டதை, அப்பா வரம்பில குந்திக்கொண்டு ஒரு பயிரைப் பிடுங்கி வேரைப் பாத்ததை எழுதினன். சேதன விவசாயம் ஒரு இரவில மாறுற விசயம் இல்ல எண்டதை எங்கட வயலே காட்டினது, அப்ப எப்பிடித் தான் மாறவேணும், மண்ணைத் தயார்படுத்த எத்தினை வருசம் வேணும், அதைப் படிக்கத் தான் வாறன் எண்டு முடிச்சன். விற்சன்ஹவுசனில 1981 இல இருந்து அதைத் தான் படிப்பிக்கினம், அதையும் குறிப்பிட்டன். உங்களுக்கும் உங்கட ஊரில இப்பிடி ஒரு கேள்வி இருக்கும், குளமோ, கடலோ, மிதிவெடி எடுத்த காணியோ. அதையே எழுதுங்கோ.

மூண்டாவது படி: காசு

மாணவர் விசாவுக்கு முதல் வருசச் செலவைக் காட்டவேணும், 2024 செப்ரெம்பரில இருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. எங்கட காசில 40 லட்சம் பக்கம் வரும், யூரோ விலையோட ஏறி இறங்கும். இது கட்டணம் இல்ல, உங்கட பேரில முடக்கக் கணக்கு ஒண்டில கிடக்கும், அங்க போன பிறகு மாதம் மாதம் 992 யூரோவா உங்களுக்கே திரும்பத் தருவினம்.

இதுக்கு வட்டிக்குக் காசு எடுக்கிற ஆக்களுக்கு ஒண்டு சொல்லவேணும். திரும்பி வாற காசு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் காப்புறுதிக்கும் போயிடும், அதில கடன் கட்டலாம் எண்டு கணக்குப் போட்டா பிழைச்சுப்போகும். காணி உறுதியை ஈடு வைக்க முதல் வீட்டில எல்லாரும் இருந்து இந்தக் கணக்கை ஒரு கொப்பியில எழுதிப் பாருங்கோ. உண்டியலில அனுப்புறதும் இதுக்குச் சரிவராது, வங்கியால போகவேணும், காசு எங்கால வந்தது எண்டதுக்கு பேப்பர் இருக்கவேணும். "கணக்கில கொஞ்ச நாள் காசு போட்டுக் காட்டுறம், கொமிசன் தாங்கோ" எண்டு வாற ஆக்களைக் கிட்டவும் எடுக்காதேங்கோ.

வேற ரெண்டு வழி இருக்கு. ஜேர்மனியில வேலை செய்யிற மாமாவோ சித்தப்பாவோ இருந்தா அவர் தன்ர ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில உங்களுக்குப் பொறுப்பு நிக்கிறன் எண்டு கையெழுத்து வைக்கலாம், "வெர்ப்ஃப்லிஷ்டுங்ஸ் எர்க்லேறுங்" எண்டு சொன்னா அவருக்கு விளங்கும். அவருக்குப் போதுமான சம்பளம் இருக்கவேணும், அது சும்மா கடிதம் இல்ல, உங்கட செலவு அவரின்ர தலையில சட்டப்படி விழும், அதனால உரிமையோட வற்புறுத்தாமல் கேளுங்கோ.

மற்றது டாட் புலமைப்பரிசில். வளரும் நாட்டு ஆக்களுக்கு எண்டு தனித் திட்டம் இருக்கு, டிகிரி முடிச்சு ரெண்டு வருசமாவது வேலை செய்திருக்கவேணும், டிகிரி எடுத்து ஆறு வருசத்துக்கு மேல போயிருக்கக் கூடாது. கம்பஸ் முடிச்சு வேலை இல்லாமல் வீட்டில இருக்கிற பிள்ளையளுக்குச் சொல்லுறன், ஒரு நிறுவனத்தில சின்னச் சம்பளத்துக்கு எண்டாலும் போய் வேலை செய்து சேவைக் கடிதம் எடுங்கோ, அந்த ரெண்டு வருசம் வீணாப் போகாது. இந்தத் திட்டத்தில எந்தக் கோர்ஸ் எல்லாம் வருது எண்ட பட்டியலை ஒவ்வொரு வருசமும் போடுவினம், உங்கட கோர்ஸ் அதில இருக்கோ எண்டு முதலே பாருங்கோ.

நாலாவது படி: விசா

அட்மிஷன் லெற்றர் கையில கிடைச்ச அண்டைக்கே விசா அலுவலைத் தொடங்குங்கோ, கிழமைக் கணக்கில் இல்ல, சிலருக்கு மாதக் கணக்கில எடுக்கும். ஜேர்மன் தூதரகம் கொழும்பில, இப்ப விண்ணப்பத்தை இணையத்திலயே நிரப்பி பேப்பரை ஏத்தலாம், பிறகு கூப்பிடுற நாளுக்கு நேர போய்க் கைரேகை குடுக்கவேணும். கட்டணம் 75 யூரோ, ரூபாயில கட்டுறது.

காலமை அப்பொயின்மென்ற் எண்டா இரவு பஸ்ஸில போய் நேர அங்க இறங்காதேங்கோ, முதல் நாளே போய் ஆராவது சொந்தக்காரர் வீட்டில நிண்டு நித்திரை கொண்டிட்டுப் போங்கோ. என்னட்டக் கேட்டது மூண்டு கேள்வி தான், ஏன் இந்தக் கோர்ஸ், ஏன் இந்த ரவுண், முடிச்சு என்ன செய்யப் போறீர். மற்ற ரெண்டுக்கும் எல்லாரும் ஆயத்தமாப் போவினம், ரவுணைப் பற்றிக் கேக்கேக்க தான் முழிக்கிறது. அந்த ரவுண் எந்த மாநிலத்தில, ஆறு என்ன, கிட்டடி நகரம் எது எண்டு தெரிஞ்சு வைச்சிருங்கோ.

சூட்கேஸ்

குளிர் உடுப்பை இங்க வாங்கிக் காசைக் கொட்டாதேங்கோ, அங்க பழைய உடுப்புக் கடையில பத்து யூரோவுக்கு நல்ல ஜக்கெற் கிடைக்கும். வறுத்த மிளகாய்த்தூள் ரெண்டு கிலோ, ஒடியல் மா, ஒரு சின்ன இடியப்ப உரல். இறைச்சியும் பால் சாமானும் ஐரோப்பாவுக்குள்ள கொண்டு போக ஏலாது, நெய் போத்தில் கூட. பச்சைக் கறிவேப்பிலையும் மாம்பழமும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் விட மாட்டினம், ஆனா தேங்காய், வாழைப்பழம், அன்னாசிக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்ல. கருவாடு கொண்டு போகலாம், அம்மா முல்லைத்தீவுக் கருவாட்டை நாலு பையில சுத்தித் தந்தவ, ஒரு பிரச்சினையும் வரேல்ல. ஒறிஜினல் பேப்பர் எல்லாம் கைப்பையில, சூட்கேஸில வைக்காதேங்கோ.

அஞ்சாவது படி: போய் இறங்கின முதல் மாதம்

விடுதிக்கு அட்மிஷன் வந்த உடனயே மாணவர் சேவை அமைப்பில பேர் பதியுங்கோ. போய் இறங்கிற நாள் சனி ஞாயிறா இருக்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை கடை எல்லாம் பூட்டு, திறப்புத் தாற ஆளும் வராது. விற்சன்ஹவுசன் ஸ்ரேசன் ரவுணுக்குள்ள இல்ல, வேரா ஆத்துக்கு மற்றப் பக்கம் மேட்டில, இரவு இறங்கினா பஸ்ஸும் இருக்காது. நான் ரெண்டு சூட்கேஸோட நடந்தனான். முதலே கோர்ஸ் ஒருங்கிணைப்பாளருக்கு வாற நேரத்தைச் சொல்லி மெயில் போட்டிருந்தா ஒரு மாணவரை அனுப்பியிருப்பினம், பிறகு தான் தெரியும்.

முதல் ரெண்டு கிழமைக்குள்ள நகரசபையில விலாசம் பதியவேணும், அன்மெல்டுங் எண்டு சொல்லுவினம், வீட்டுக்காரர் கையெழுத்து வைச்ச கடிதம் வேணும். அந்தப் பதிவுப் பேப்பர் இல்லாமல் வங்கிக் கணக்கு இல்ல, வங்கிக் கணக்கு இல்லாமல் முடக்கக் கணக்குக் காசு வராது, அதனால முதல் ஆறு கிழமைக்குத் தேவையான காசைக் கையில வைச்சிருங்கோ. மருத்துவக் காப்புறுதி கட்டாயம், 30 வயசுக்குக் கீழ எண்டா மாணவருக்கான அரச காப்புறுதி எடுக்கலாம். ரேடியோ ரீவி கட்டணம் எண்டு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கேட்டுக் கடிதம் வரும், கிழிச்சுப் போடாதேங்கோ, ஒரே வீட்டில கன பேர் இருந்தா பங்கு போட்டுக் கட்டலாம்.

குப்பையைப் பிரிச்சுப் போடுறதைக் கவனமாப் பழகுங்கோ, சமையல் கழிவுக்குத் தனித் தொட்டி. அந்தத் தொட்டியை முதல் முதல் 1983 இல பரீட்சிச்சுப் பாத்ததே விற்சன்ஹவுசனில தான், அதனால அங்கத்தைய அயல் சனம் இதில சரியான கவனம்.

வேலை விசயம்: 2024 மார்ச்சில இருந்து வருசத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் செய்யலாம். சின்ன ரவுணில கடை வேலையைத் தேடி அலையிறதை விட பேராசிரியரிட்ட உதவியாளர் வேலை கேளுங்கோ, அல்லது பண்ணையில கேளுங்கோ. நான் ஜூனில செரி ஆய்ஞ்சனான், அந்த ஊர் செரிக்குப் பேர் போன ஊர்.

மார்கழி

டிசம்பரில பின்னேரம் நாலேகாலுக்கு இருட்டும், காலமை எட்டு மணிக்குப் பிறகு தான் வெளிச்சம் வரும். எங்கட வெயிலுக்குப் பழகின உடம்புக்கு இது குளிரை விடக் கஷ்டம், ரெண்டாவது மாதம் காரணம் இல்லாமல் அழுகை வரும், எனக்கு வந்தது. அறையைப் பூட்டிக்கொண்டு இருக்காதேங்கோ. எனக்கு ஒரு இடம் இருந்தது, கம்பஸோட சேர்ந்த வெப்பவலயச் செடிக் கூடம், கண்ணாடி வீடு. ஒரு ஜனவரி மத்தியானம் வெளிய பனி கொட்டக் கதவைத் திறந்து உள்ள போனன், மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிஞ்சு ஒண்டும் தெரியேல்ல, ஆனா ஈர மண் மணமும் வாழை மணமும் முதல் வந்தது. கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுப் பாத்தா வாழை, கோப்பி, கொக்கோ. வாழை மரத்துக்குக் கீழ நிண்டு அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்தன். அம்மா முதல் கேட்டது, "அந்தக் கண்டுக்குப் பக்கக் குட்டி வெட்டேல்லையோ" எண்டு.

கோயில் வேணும் எண்டா ஹம் நகரத்தில காமாட்சி அம்பாள் கோயில் இருக்கு, 2002 இல கும்பாபிஷேகம் நடந்தது, காசலில இருந்து ரெயினில போகலாம். தேர் நாளுக்கு ஆயிரக்கணக்கில எங்கட சனம் வரும், முருகண்டியில கேக்கிற அதே கதை பேச்சு எல்லாம் அங்க கேக்கும். மளிகைச் சாமானும் அண்டைக்கே வாங்கிக்கொண்டு வந்திடுங்கோ.

வதிவிட அனுமதி

உள்ள போற விசா சில மாதத்துக்குத் தான், அது முடிய முதல் வெளிநாட்டவர் அலுவலகத்தில வதிவிட அனுமதி எடுக்கவேணும், ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கேக்க காசும் மாக்ஸும் காட்டவேணும். சின்ன இடங்களில அந்த ஒபிஸ் பக்கத்து ரவுணில இருக்கும், கிழமையில சில நாள் தான் திறப்பினம், அதனால முடியிறதுக்கு மூண்டு மாதம் முன்னுக்கே மெயில் போட்டு நாள் எடுங்கோ, அந்த மெயிலையும் பிரிண்ட் எடுத்து வைச்சிருங்கோ. படிச்சு முடிய வேலை தேட 18 மாதம் தருவினம். அந்த விண்ணப்பத்துக்கும் பாஸ்போட் செல்லுபடியா இருக்கவேணும், ஊருக்கு லீவில வரேக்க திகதியைப் பாத்து, கிட்ட முடியிற மாதிரி இருந்தா வவுனியாவில புதிசா எடுத்துக்கொண்டு போங்கோ.